புதிய ஆட்டமுறைக்கு ஓராண்டேனும் அவகாசம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடி வட்டாரக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணி இந்தப் பருவத்தில் அடுத்தடுத்துத் தோற்றுவருகிறது. புதிதாக வந்த பயிற்சியாளரின் தாக்குதல் முறைதான் அதற்குக் காரணம், எனவே அவரை மாற்ற வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் எழுப்பும் குரலும் நாளுக்கு நாள் வலுத்துவருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் கால்பந்து சொல்லிக்கொடுத்தவன், அந்த அணியின் மாலைப் பயிற்சியைத் தொடர்ந்து பார்த்துவருகிறவன் என்ற முறையில் இக்கோரிக்கை தவறானது என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்த அணி இதுவரை ஆடிவந்தது நம் பகுதிக்குப் பழக்கமான ஆட்டம். நான்கு பேர் பின்னால், நான்கு பேர் நடுவில், இருவர் முன்னால் நிற்பார்கள். பின்களத்தின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பந்தைத் தூக்கி அடிப்பார், உயரமான ஃபார்வர்டு, அதாவது முன்கள வீரர், தலையால் தட்டிவிடுவார், சிதறி விழும் பந்துக்கு மற்றவர்கள் பாய்வார்கள். செம்மண்ணும் சரளையும் கலந்த நம் பொட்டல்களில் தரையோடு வரும் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று சொல்ல முடியாது. எனவே பந்தை மேலே அனுப்புவதே பாதுகாப்பு என்பது அனுபவத்தில் விளைந்த அறிவு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தூக்கி அடிக்கும் பந்தில் பாதி எதிரணிக்கே போய்ச் சேர்கிறது என்பதும், வலுவான பின்கள வீரர்களைக் கொண்ட அணிகளிடம் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரே மாதிரித் தோற்றுவந்தார்கள் என்பதும் மைதானத்துக்கு வருகிறவர்கள் அனைவரும் அறிந்ததே.

புதிய பயிற்சியாளர் கொண்டுவந்திருப்பது பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர் நிற்கும் 4-3-3 அமைப்பில், கோல்கீப்பரிடமிருந்தே பந்தைச் சிறு சிறு பாஸ்களாகக் கட்டி முன்னே கொண்டுசெல்லும் முறை. இது ஏதோ வெளிநாட்டு மோகம் என்று சிலர் பேசுவது சரியன்று. ஆட்டத்தின் விதிகளே இந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன. சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்று 1992-இல் விதி மாறியபோதே, அவரும் காலால் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. கோல் முனையிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் கோல் கிக்கில் அடித்த பந்து, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதியைத் தாண்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் 2019-இல் நீங்கிவிட்டதால், ஸ்டாப்பர்கள் இருவரும் அந்தப் பகுதிக்குள்ளேயே இருபுறமும் விரிந்து நின்று பந்தை வாங்கலாம். எதிரணி அதைப் பறிக்க மேலேறி வந்தால் அவர்களுக்குப் பின்னால் இடம் திறக்கும். அந்த இடத்தில்தான் இந்த முறையின் கோல்கள் பிறக்கின்றன.

இதைச் செய்துகாட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அண்மையில் ஓர் ஆட்டத்தில் மிக அருகிலிருந்து பார்த்தேன். கோல்கீப்பரிடமிருந்து பந்தை வாங்கிய இடது ஸ்டாப்பருக்கு எதிராக இருவர் ஓடிவந்தார்கள். பயிற்சியில் சொல்லித்தந்தபடி நடுக்கள வீரர் அவருக்குக் குறுக்கே பத்தடி தள்ளி வந்து நின்றார். பாஸ் கொடுக்க வழி இருந்தது. அந்த நேரத்தில் கம்பிவேலிக்கு வெளியிலிருந்து “தூக்கி அடிடா, தூக்கி அடி” என்று ஒரே கூச்சல். பையன் தலையை உயர்த்தி முன்னே பார்த்தார், பிறகு பக்கவாட்டில் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பந்து காலிலிருந்து பறிபோயிற்று, கோலும் விழுந்தது. அவருக்குப் பாஸ் கொடுக்கத் தெரியாமல் இல்லை. பந்து காலுக்கு வரும் முன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் ஊறவில்லை. அது சில வாரங்களில் வந்துவிடுவதில்லை.

“பாதி பழைய முறை, பாதி புதிய முறை என்று ஆடச் சொல்லுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு யோசனை கூறுகிறவர்களும் உண்டு. என் பார்வையில் அதுவே மிகவும் ஆபத்தானது. பின்களத்தார் சிறு பாஸ் ஆடும்போது முன்கள வீரர்கள் தூக்கி அடிக்கும் பந்தை எதிர்பார்த்து எதிர் கோலை நோக்கி ஓடினால் அணி இரண்டாகப் பிளந்துவிடுகிறது. நடுவில் விழும் அந்த அகன்ற இடைவெளியில் பந்தை இழந்தால் மீட்க ஆளிருக்காது. இந்தப் பருவத்தில் விழுந்த கோல்களில் நான் நேரில் பார்த்தவை பெரும்பாலும் இப்படி விழுந்தவைதான்.

கோலுக்கு முன்னால் நிற்க வேண்டிய உயரமான ஃபார்வர்டை நடுக்களத்துக்கு இறக்கி வீணடிக்கிறார் என்பது பயிற்சியாளர்மீது வைக்கப்படும் மற்றொரு குற்றச்சாட்டு. 1953 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று வென்ற ஆட்டத்தை இங்கே நினைவூட்டலாம். ஹங்கேரியின் ஹிடெக்குட்டி முன்கள வீரருக்குரிய 9 ஆம் எண் சட்டையோடு நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து போவதா, இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் ஸ்டாப்பர் கடைசிவரை தவித்தார். இறங்கி ஆடிய அந்த ஹிடெக்குட்டியே ஹங்கேரியின் ஆறு கோல்களில் மூன்றை அடித்தார். நம் பையன் இறங்கும்போதும் எதிரணி ஸ்டாப்பர் கூடவே வருகிறார். காலியாகும் இடத்துக்குள் பக்கவாட்டு ஓரமான விங்கில் ஆடுபவர் உரிய நேரத்தில் நுழைவதில்தான் இப்போது குறை இருக்கிறது. இது பயிற்சியால் தீரக்கூடிய குறை.

தோல்வியைப் பார்த்ததும் பயிற்சியாளரை அனுப்பிவிட வேண்டும் என்போர் நம் நாட்டின் கால்பந்து வரலாற்றையே எண்ணிப் பார்க்கலாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. வெறுங்காலோடு ஆடிய வீரர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகும் ஐதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் எஸ். ஏ. ரஹீம் பொறுப்பில் தொடர்ந்தார். ஆசிரியராக இருந்தவர் அவர். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடும் பழக்கத்தை மாற்ற, உருட்டிக்கொண்டு ஓடத் தடை விதித்துப் போட்டிகள் நடத்திய பெருமகன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. பின்களத்தின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்கை அங்கே அரையிறுதியிலும் இறுதியிலும் முன்களத்தில் இறக்கிக் கோலடிக்க வைத்தவரும் ரஹீம்தான். ஹெல்சிங்கியோடு அவரை விலக்கியிருந்தால் இந்தப் பெருமைகள் நமக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்க விரும்புகிறேன்.

ஆயினும் இறுதியாண்டு மாணவர்களின் கவலை நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. பட்டப்படிப்பு மூன்றே ஆண்டுகள். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிச் சான்றிதழ் பெற்றால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. இரண்டாண்டுகள் பழைய முறையில் ஊறிய ஒருவர் கடைசி ஆண்டில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க நேர்வது வேதனையே. முதலாண்டுப் பிள்ளைகள் இந்த முறையை எளிதில் பிடித்துக்கொள்வதும், மூத்தவர்கள் தயங்குவதும் பயிற்சியில் கண்கூடாகத் தெரிகிறது. மூத்தவர்களைத் தனியே அழைத்து, யாருக்கு எந்த இடம், ஏன் அந்த இடம் என்று பயிற்சியாளர் பொறுமையாக விளக்க வேண்டும். அணித்தலைவரையும் அவர் கலந்தாலோசித்தால் பாதி மனத்தாங்கல் குறையும்.

கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. தரையோடு ஆடும் ஆட்டத்தைச் சரளைக்கல் மைதானத்தில் ஆடச் சொல்லிவிட்டு முடிவை எதிர்பார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. புல்தரை அமைக்கப் பெருஞ்செலவு ஆகும் என்பதை அறிவேன். ஆனால் கல் பொறுக்கி, மேடுபள்ளம் நிரவி, பயிற்சிக்கு முன் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோல் பகுதியில் தேங்கும் நீர் வடிய ஒரு வாய்க்காலும் வெட்ட வேண்டும். ஊர்தோறும் ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டி நீரைக் கொண்டுசேர்த்த நம் பகுதியில், ஒரு மைதானத்து நீரை வடிய வைக்க வழி தெரியாமல் போய்விடாது.

ஆகவே, பயிற்சியாளருக்கு அடுத்த பருவம் முடியும்வரையேனும் அவகாசம் தர வேண்டும் என்றும், வரும் விடுமுறைக்குள் மைதானத்தைச் செப்பனிட வேண்டும் என்றும் அக்கல்லூரி நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளரை மாற்றக் கோரி முன்னாள் மாணவர்கள் அளித்துள்ள மனுவை அவர்களே திரும்பப் பெற்று, மைதானப் பணிக்குத் தங்களால் இயன்றதைத் தர முன்வர வேண்டும். ஆட்ட நேரத்தில் வேலியோரம் நிற்கும் அன்பர்களும் பின்களப் பிள்ளைகளின் காலில் பந்து இருக்கும்போது குரல் கொடுக்காமல் இருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி.