நம் நாடக மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும், மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். செயலவை ஆறு முறை கூடியது. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டியவை அனுப்பப்பட்டன. சந்தா பாக்கி யார் யார் என்பது பொருளாளருக்கும் தெரியும், அவரவருக்கும் தெரியும்.

ஜூன் 9, திங்கட்கிழமை காலை செயலாளர் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று செயலவையில் கேட்கப்பட்டது. பதில் இதுதான். நியூயார்க்கில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் திங்கள் காலை 8 மணி. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயின் டோனி விருது இரவு அது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தே தாரேக் தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. நான் கைப்பேசியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்றப் பணம் ஒரு காசு செலவாகவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்று சிறந்த இசை நாடகம் உள்பட 6 விருதுகளை அள்ளியது 'மேபி ஹேப்பி எண்டிங்'. பழசாகிப் போன இரண்டு ரோபோக்களின் கதை. 2016இல் சியோலில் ஒரு சின்ன அரங்கில் கொரிய மொழியில் மேடையேறியது, ஒன்பது ஆண்டில் பிராட்வே உச்சிக்குப் போய்விட்டது. செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வந்த பதில் இரண்டு கட்டைவிரல், ஒரு 'காலை வணக்கம்' படம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "நம்ம ஆளுங்க யாராவது வாங்கியிருக்காங்களா?" ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002இல் லண்டனிலும் 2004இல் பிராட்வேயிலும் ஓடியது. டோனிக்கு 3 பிரிவுகளில் பரிந்துரையானது, நடன அமைப்புக்காக ஃபரா கான் பெயரும் அதில் இருந்தது. கோப்பைதான் வரவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கதை லண்டனின் ஒலிவியர் விருதில் இருக்கிறது. பாண்டிச்சேரிப் பையன் ஒருவன் புலியோடு படகில் தவிக்கும் 'லைஃப் ஆஃப் பை' நாடகத்துக்காக 2022இல் சிறந்த துணை நடிகர் விருதை வாங்கியவர்கள் 7 பேர். ஏழு பேரும் அந்தப் பொம்மைப் புலிக்கு உயிர் கொடுத்தவர்கள். இதைச் சொன்னதும் பொருளாளர், "அப்போ ஏழு கோப்பையா?" என்றார்.

ஆகஸ்டில் வேன் பிடித்துக் கோலாலம்பூர் செந்தூலுக்குப் போய் ஓர் இசை நாடகம் பார்த்து வந்தோம். பழைய ரயில்வே கட்டடத்தை மாற்றி 2005இல் திறந்த கலை அரங்கம் அது. நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். மேடையைவிடச் சுவரைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். திரும்பும் வழியில், "இதுல என்னப்பா புதுசு? பாட்டும் வசனமுமா சங்கரதாஸ் சுவாமிகள் அப்பவே எழுதி வச்சதுதானே. தோட்டத்துத் திருவிழாவுல விடிய விடியப் பார்த்திருக்கோம்" என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அப்புறம் நம் நாடகம். அக்டோபரில் ஒருநாள் இரவு, மண்டபத்தில். இரண்டாம் காட்சியில் மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஹார்மோனியம் காணாமல் போனது. சரி, மழைதானே, விடும் என்று இருந்தோம். மின்சாரமே போய்விட்டது. கதாநாயகியாக நடித்த பிள்ளை பாட்டின் நடுவில் இருட்டில் நிற்கிறாள். நம் லைட் அண்ணன், சாதா விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாளைத் துணிக் கிளிப்பால் மாட்டி அந்தி வானம் காட்டுகிறவர், பேசாமல் வெளியே போனார். தன் கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பக்கக் கதவு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார், முடுக்கினார், முன்விளக்கை மேடைக்குத் திருப்பினார். டயரிலிருந்து செம்மண் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பிள்ளை விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். மைக் இல்லை. முதல் மூன்று வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள். மண்டபத்தைக் கழுவியதற்கு 80 வெள்ளி (ரிங்கிட்), கணக்கில் இருக்கிறது.

இந்த ஆண்டு முதன்முறையாக நாமும் விருது கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. யோசனை என்னுடையது, சண்டையும் என்னால்தான். சிறந்த நடிகர், நடிகை, அதோடு போதும் என்றது செயலவை. திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் வேண்டும் என்றேன் நான். டோனி 1947இல் தொடங்கியது. ஒளியமைப்புக்குத் தனி விருது 1970இல்தான் வந்தது. ஒலியமைப்புக்கு 2008இல் கொடுத்தார்கள், 2014க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள், கூச்சல் கிளம்பியதும் 2018இல் திரும்பக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே திரைக்குப் பின்னால் இருப்பவர்களை மறக்கிறார்கள் என்று அரை மணி நேரம் வாதாடினேன். என் பேச்சு எடுபடவில்லை. அக்டோபர் மழைக்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கோப்பை ஈப்போவில் செய்தது, 65 வெள்ளி. விருது நாளன்று லைட் அண்ணன் பெயரைக் கூப்பிட்டோம். மேடைக்கு வரவில்லை. "நான் வந்தா லைட்டை யாரு பார்க்கிறது?" என்று பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. தலைவரே இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய்க் கொடுத்தார். அந்த இடம் இருட்டு என்பதால் படம் சரியாக விழவில்லை. ஆண்டு மலரில் அந்தப் பக்கம் கருப்பாக இருப்பது அச்சுப் பிழை அல்ல.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெனரேட்டர் வாடகைக்கு 300 வெள்ளி ஒதுக்கும் தீர்மானம் இன்று வருகிறது, ஆதரிக்க வேண்டும். அடுத்த டோனியும் ஜூன் மாதத்தில்தான். அன்று காலை என்னை அழைக்க வேண்டாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்