தேவியின் மருந்துச் சீட்டு

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்தையும் தேவியின் மருந்துச் சீட்டையும் ராத்திரி மருந்துக் கடையைச் சாத்திய பிறகு நிதானமாகப் பார்த்தேன். என்னவென்றே தெரியாமல் இத்தனை நாள் அலைந்தீர்கள். உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் அலைக்கழிக்கிற பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னதே பெரிய விஷயம்.

எந்த மாத்திரை இதைக் குணப்படுத்தும் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. இந்த நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து அமெரிக்காவில்கூடக் கிடையாது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கிற லாமோட்ரிஜின் மேல் பலருக்கு நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 276 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

அதற்காக எதையும் சட்டென்று நிறுத்திவிடாதே, ஆபத்து. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை உதவலாம். ஆனால் சீட்டைப் பார்த்தால் ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒன்று சேர்ந்திருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. எஸ்சிட்டலோபிராம், குயிட்டியாபின், குளோனாசிபாம், வால்புரோயேட். கடைசியாக இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. கருத்தரித்தால் குழந்தையைப் பாதிக்கிற மருந்து அது. இந்த வயதுப் பெண்ணுக்கு இது அவசியமா என்று டாக்டரிடம் நேராகக் கேள். குளோனாசிபாம் எத்தனை நாளைக்கு என்பதையும் கேள். பழக்கமாகிவிடும், சிலருக்கு இருக்கிற நிதானத்தையும் குலைத்துவிடும்.

மாத்திரை அட்டைகள் தேவி கைக்கு எட்டாமல் உன் பீரோவில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் சேர்க்காதே. ராத்திரியில் நிலைமை கைமீறினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம், டிபிடி என்கிற பேச்சு சிகிச்சை தெரிந்த உளவியலாளர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரி. இந்த நோய்க்கு உண்மையில் கைகொடுப்பது இந்த மாதிரிப் பேச்சு சிகிச்சைதான். டிபிடியை உருவாக்கிய மார்ஷா லைனஹன் அம்மாவும் சின்ன வயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர்தான், 2011-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். தேவிக்கு இதைச் சொல்லு, கட்டாயம் சொல்லு.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது. டாக்டரைப் பார்த்ததும் கூப்பிடு, புதுச் சீட்டை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
வசந்தி