கார்டு இருக்கட்டும், கண்ணு

கோயம்புத்தூர்
4.1.2026, ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

உன் கணினியில் இருக்கும் பழைய ஜி.டி.எக்ஸ் 1060ஐ எடுத்துவிட்டு, ஆர்.டி.எக்ஸ் 5060 என்ற புது கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் பாகம், வாங்கப்போகிறேன் என்றாய். போனில் அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. அப்பா வேண்டாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு நீ வைத்துவிட்டாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, "இரு" என்றுதான் சொன்னேன். அதற்கு விளக்கம் சொல்லப் போனில் எனக்கு வராது. உன் அம்மாவோ, "பிள்ளை தன் சம்பளத்தில் வாங்குகிறாள், உங்களுக்கென்ன?" என்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது வருடம் மோட்டார் ரீவைண்டிங் செய்தவனுக்கு, கரண்ட் ஓடுகிற எந்தச் சாமானைப் பற்றியும் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது.

அன்னூரிலிருந்து ஒரு விவசாயி வருவாரே, நினைவிருக்கிறதா? உனக்கு நிலக்கடலை கொண்டுவந்து தருவார். ஒரு கோடையில் வந்து, "தண்ணீர் ஏறவில்லை, 5 எச்.பி.யை எடுத்துவிட்டு ஏழரையாகப் போட்டுக் கொடுங்கள்" என்றார். போர்வெல்லில் எவ்வளவு ஊறுகிறது என்று முதலில் பாருங்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, வேறு இடத்தில் வாங்கிப் போட்டார். பெரிய மோட்டார் இருந்த தண்ணீரைச் சீக்கிரமே இழுத்துத் தீர்த்துவிட்டு வெறுமனே ஓடியது. பதினோராம் நாள் உள்ளே காயில் கம்பி கருகிய மோட்டாரோடு என்னிடமே வந்தார். மோட்டார் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்ததும் அவர் நினைவுதான் வந்தது. நகரத்துக்குள் கார் ஓட்டும் அந்த விளையாட்டில் கிராபிக்ஸ் கார்டின் உபயோகம் 60 சதவீதம் என்று காட்டுகிறது. பிராசஸரில் கணக்குப் போடும் நான்கு கோர்களும் 100இல் நிற்கின்றன. திரையின் தெளிவை 1080இலிருந்து 720ஆகக் குறைத்துப் பார் என்றேன். நொடிக்கு வரும் படங்கள், அதாவது ஃபிரேம், 41இலிருந்து 43 ஆனது என்றாய். கார்டு திணறிக்கொண்டிருந்தால், சுமையைக் குறைத்ததும் ஃபிரேம் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்த வண்டி எங்கே திரும்புகிறது, யார் தெருவைக் கடக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசஸர். அது கொடுத்தால்தான் கார்டு வரையும். உன் பிராசஸரான ஐ5-7400க்கு நான்கே கோர், ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள், அதாவது திரெட், நான்கே. 2017இல் வாங்கியபோது அது போதும். இப்போது அது ஊறாத கிணறு. அதன்மேல் நீ ஆர்.டி.எக்ஸ் 5060 போட்டால் அதே 41தான் வரும், கார்டு மட்டும் 60க்குப் பதில் 30 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. 5060க்கு மதர்போர்டோடு பேச எட்டு லேன்கள், அதாவது தடங்கள்தான். புதிய போர்டுகளில் அது ஒரு குறையே இல்லை. உன் பி250 போர்டில் கார்டுக்கான அந்த வழி, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், மெதுவான மூன்றாம் தலைமுறை. கார்டின் சொந்த நினைவகமான 8 ஜி.பி. நிறைந்து, கணினியின் நினைவகமான ராமிலிருந்து எடுக்க வேண்டிய கட்டம் வரும்போது அந்தக் குறுகிய வழியில்தான் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். தள்ளுபடி விளம்பரமும் சொல்லாது.

சரி, உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் வந்த அந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு உன் கணினியில் ஓட மறுக்கிறது என்றாய். அங்கே குற்றவாளி கார்டுதான். அந்த விளையாட்டுக்கு ரே டிரேசிங், அதாவது ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் வன்பொருள் கட்டாயம். 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ் 1060இல் அது கிடையாது, 2018இல் வந்த 20 வரிசையில்தான் முதன்முதலாக வைத்தார்கள். போன வருடம் மே மாதம் வந்த புது டூம் விளையாட்டும் அப்படித்தான். மெதுவாக ஓடுவது வேறு, ஓடவே ஓடாதது வேறு. முதலாவதைத் துடைத்து, குறைத்து, சரிக்கட்டிக்கொண்டு போகலாம். இரண்டாவதற்கு மருந்தே இல்லை. போதாததற்கு, 1060க்கு விளையாட்டுகளை ஒட்டி வருகிற டிரைவர் மென்பொருள்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். எதற்குப் பிறகு என்பதுதான் நம் வழக்கு.

என் யோசனை இது. முதலில் போர்டும் பிராசஸரும். வருவதிலேயே புதியதை வாங்கப் போனால் டி.டி.ஆர்.5 ராம் கேட்கும். ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் ராம் இப்போது விற்கிற விலை உனக்கே தெரியும். அதனால் ஒரு பி550 போர்டும் ரைசன் 5 5600 பிராசஸரும் வாங்கு. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். 2022இல் வந்ததுதான், பழையது என்று உன் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன்னிடம் இருக்கும் இரண்டு 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ராமும் அப்படியே அதில் உட்காரும். அந்த ராமின் 2400 வேகம் ரைசனுக்குக் கொஞ்சம் மந்தம்தான், இந்த விலையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11க்கு உன் பிராசஸர் தகுதியில்லை என்று வந்த எச்சரிக்கையும் போய்விடும். பி450 மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கிவிடாதே, அதுவும் மூன்றாம் தலைமுறைதான்.

அதோடு கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்று. இதில் மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். 1060 இழுப்பது 120 வாட், 5060 இழுப்பது 145. பெரிய வித்தியாசமில்லை, பழைய 450 வாட்டே தாங்கும் என்று கணக்குப் போட்டாய். தாளில் தாங்கும். எட்டு வருடம் சூட்டில் வெந்த கெப்பாசிட்டர் உன் கணக்கைப் படித்துப் பார்ப்பதில்லை. அது போகும்போது தனியாகவும் போகாது.

இவ்வளவும் செய்த பிறகு, அதே விளையாட்டை அதே தெருவில் ஓட்டி, அளந்து பார். அப்போது கார்டு 98, 99இல் நின்றால் பழுது அங்கே இருக்கிறது, தாராளமாக வாங்கு. 4060 நல்ல விலையில் கிடைத்தாலும் சரிதான். வேகம் 1060ஐவிட இரண்டு மடங்குக்குக் குறையாது, 115 வாட்தான் இழுக்கும். 8 ஜி.பி.க்குக் கீழே மட்டும் வேண்டாம். உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதையும் மறந்துவிடாதே. கார்டு 140 ஃபிரேம் வரைந்து கொடுத்தாலும் நீ பார்க்கப்போவது 60தான். ரொம்பவும் காத்திருக்கவும் சொல்லமாட்டேன். ராம் விலை ஏறினால் கார்டில் இருக்கும் நினைவகத்தின் விலையும் பின்னாலேயே ஏறும். மூன்று நான்கு மாதம், அவ்வளவுதான். அதுவரை, குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எப்.எஸ்.ஆர். போட்டு ஓட்டு. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. செய்தது உன் என்விடியா கார்டிலும் வேலை செய்கிறது. அதே வேலைக்கான என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். அவர்களுடைய 1060 போன்ற பழைய கார்டிலேயே வேலை செய்யாது. இதைப் படித்த அன்று நான் தனியாகச் சிரித்தேன்.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றிக் கேட்டாயே, அதற்கு நான் எதிரி இல்லை. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிக்கொண்டபோது, இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் சந்தையில் கொட்டின. எல்லோரும் பயந்தார்கள். ஒரே சீராக ஓடிய மோட்டார், நாளைக்கு முப்பது தடவை நின்று நின்று ஓடிய மோட்டாரைவிட நன்றாகவே இருக்கும், நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தேய்வது பேரிங். கார்டிலும் முதலில் போவது ஃபேன்தான். வாரண்டி பில் கையில் கொடுத்து, ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். போட்டோவைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பாதே.

பொங்கலுக்கு வரும்போது 1060ஐக் கழற்றிப் பையில் வைத்து எடுத்து வா. பழைய பிராசஸரிலேயே படம் வரும் வசதி இருப்பதால் கார்டு இல்லாமலும் உன் கணினி ஓடும். 84 டிகிரி காட்டுகிறது என்றாயே, 83ஐத் தொட்டாலே அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வறட்டி மாதிரி காய்ந்திருக்கும், மாற்றித் தருகிறேன். பழைய பிளவுஸ் துணியில் சுற்றி வைக்காதே, நிலைமின்சாரம் தாக்காத அந்த வெள்ளிநிறக் கவர் இருந்தால் அதில் போடு.

புது கார்டை நீ வாங்கினால் பழையது எனக்கு என்று ஏற்கெனவே பேசியாகிவிட்டது. ஆனால் ரைசன் 5600இல் படம் வரும் வசதி கிடையாது, கார்டு இருந்தால்தான் திரையே வரும். ஆக, புது கார்டு வாங்கும்வரை 1060 உன்னிடம்தான் இருக்க வேண்டும். இந்த யோசனையைச் சொல்லி என் காலிலேயே நான் கோடரி போட்டுக்கொண்டேன் என்கிறாள் அம்மா. வீட்டுக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கான ஆறு பின் வயர் இருக்கிறதா என்று நேற்றே திறந்து பார்த்துவிட்டேன். இருக்கிறது. நான் லாரி ஓட்டும் யூரோ டிரக் விளையாட்டில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இப்போது கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஹாம்பர்க்கில் எனக்கு ஒரு லோடு இறக்க வேண்டியிருக்கிறது. சித்திரைக்குள் பார்த்துச் செய்.

அப்பா