வெள்ளையனும் மிளகும்

ராஜபாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இன்லேண்டு லெட்டரில் மடிப்போரம் வரைக்கும் எழுதுகிற ஆள் இந்தக் காலத்தில் நீ ஒருவன்தான். முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் என் நாய் வெள்ளையனும் ஒரே மாதிரிதான் எழுந்திருக்கிறோம். முதலில் முன்பக்கம், அப்புறம் கொஞ்சம் யோசித்துப் பின்பக்கம்.

மகள் விட்டுவிட்டுப் போன லேப்ரடார் வீட்டில் இருக்கும்போதே, பேரன் தெருக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டான், பெரியது சின்னதைக் குதறிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஆடி மாதத்திலிருந்து என் வீட்டிலும் அதே கதை. சத்திரப்பட்டித் தறிக்கூடத்து வாசலில் ஈரச் சாக்குக்குள் கிடந்தாள். கறுப்பு. சுருண்டு படுத்தால் மிளகுதான், அதனால் பெயரும் அதுவே. நூல் எடை போடும் தராசில் வைத்தேன், இரண்டு கிலோகூட இல்லை. வெள்ளையன் 28 கிலோ. 2005-இல் வந்த நாய்த் தபால்தலைகள் நான்கும் உன் ஆல்பத்தில் இருக்குமே, ராம்பூர், முதோல் நாய்களோடு எங்கள் ஊர் ராஜபாளையம் நாயும் நிற்குமே, இவன் அதே வம்சம். வேட்டை ரத்தம். குறுக்கே எது ஓடினாலும் துரத்துவான், பூனையா குட்டியா என்பதெல்லாம் பிடித்த பிறகுதான்.

அதனால் முதல் நாலு நாள் இரண்டையும் ஒன்றை ஒன்று பார்க்கவே விடவில்லை. அவள் படுத்த துணியை இவனுக்கும், இவன் சாக்கை அவளுக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தோம். பிறகு தம்பி வீட்டு மொட்டை மாடியில் வைத்துக் காட்டினேன். நம் வீடென்றால் அது அவன் எல்லை. தெருவில் காட்டலாமென்றால் தடுப்பூசி முடியாத குட்டியைத் தெரு மண்ணில் இறக்கக் கூடாது. வெள்ளையன் சங்கிலியில்தான் இருந்தான், ஆனால் தொய்வாகப் பிடித்திருந்தேன். இழுத்துப் பிடித்தால், எதற்கோ நாம் பயப்படுகிறோம் என்று நாய்க்குத் தெரிந்துவிடும்.

ஒரு தப்பு செய்தேன். மிளகு அவன் வாலைக் கவ்வியதும் அவன் உறுமினான், நான் அவனை ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்னைத்தான் திட்டினார். உறுமுவது எச்சரிக்கை, அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் நேராகக் கடிக்கும் என்றார். உறுமினால் குட்டியைத்தான் தூக்கிவிட வேண்டும். சாப்பாட்டுத் தட்டு இரண்டும் இரண்டு அறையில், நடுவில் சாத்திய கதவு. இது இன்றைக்கு வரைக்கும் மாறவில்லை. கறி எலும்பு விஷயத்தில் வெள்ளையனுக்குச் சொந்தபந்தம் கிடையாது.

உன் லேப்ரடாருக்கு வேட்டைக் குணம் குறைவாக இருக்கலாம். ஆனால் பாசமும் எடைதானடா. ஒன்றரை மாதக் குட்டியின் கால் முருங்கைக்கிளை மாதிரி, ஆசையாக ஒரு மிதி மிதித்தால் போதும். இரண்டும் விளையாடும்போது பக்கத்திலேயே உட்கார். பெரியது தானே படுத்துக்கொண்டு குட்டியை மேலே ஏறவிட்டால் நல்ல சகுனம். குட்டி வாலைக் கவட்டைக்குள் விட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடினால் ஆட்டம் முடிந்தது என்று பிரித்துவிடு. நீ வெளியே போனால் தனித்தனி அறை. அவை எவ்வளவு சிநேகமானாலும் சரி, சில மாதத்துக்கு இதை விடாதே.

இப்போது நான் சொல்ல வந்தது. மூன்று வாரம் என் கண்ணெல்லாம் வெள்ளையன் பல்லின் மேலேயே இருந்தது. ஒரு மத்தியானம் அவன் அரங்குவீட்டு வாசலில் நின்று, நெல் மூட்டைச் சந்துக்குள் தலையைவிட்டு முனகிக்கொண்டிருந்தான். குட்டியைத்தான் மூலையில் மடக்கிவிட்டான் என்று கத்திக்கொண்டே ஓடினேன். மூட்டைக்குப் பின்னால் மிளகு நிம்மதியாக உட்கார்ந்து நீல நிறத்தில் எதையோ தின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் நானே வைத்து மறந்த எலிக்கேக். இவன் என்னைக் கூப்பிடத்தான் நின்றான் என்று என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, ஊரெல்லாம் சொல்கிறாள். பங்கு கேட்டு நின்றானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்து வீட்டுக்காரர் உப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, நான் கொடுக்கவில்லை. அந்த எடைக்கு உப்பே விஷமாகிவிடும் என்றார் டாக்டர். அரை மணிக்குள் போய்விட்டதால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். கேக் உறையைக் கையோடு கொண்டுபோனதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். என்ன மருந்து என்று பார்த்ததுமே அவருக்கு வைத்தியம் தெரிந்துவிட்டது. இந்தக் கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கிற வகை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, மூன்று நாலு நாள் குட்டி துள்ளிக்கொண்டுதான் இருக்கும், அப்புறம் உள்ளுக்குள் கசிய ஆரம்பிக்கும். மாற்று மருந்து வைட்டமின் கே. ஒரு மாதம் தினமும் மாத்திரை, பிறகு ரத்தப் பரிசோதனை. பசை மாதிரி இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்தாக இருந்திருந்தால் அதற்கு மாற்றே கிடையாதாம். அதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் நானும் உன் தங்கச்சியும் தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தோம். இத்தனை வருஷம் குடியிருந்த வீடுதான், ஆனால் எவ்வளவு தொங்குகிறது, எவ்வளவு உருண்டு கிடக்கிறது! கிரைண்டர் ஒயர், எறும்பு சாக்பீஸ், பீரோவுக்கடியில் அந்துருண்டை, கழிப்பறையில் மூடாத ஆசிட் பாட்டில், என் காய்ச்சல் மாத்திரை. ஆசிட், மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவே வைக்காதே, ஏறி வரும்போது இன்னொரு முறை கெடுத்துவிடும்.

உன் வீட்டில் எனக்கு ஞாபகம் இருப்பது கிணற்றடி அரளி. இலை, பூ, பட்டை எல்லாம் விஷம், வேலி போட்டு மறைத்துவிடு. பேரனின் சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கமும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உன் வீட்டுக்காரி பாயசத்துக்குப் போடுகிற உலர்திராட்சை கீழே விழுந்தால் உடனே பொறுக்கு, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம். மாங்கொட்டையை உன் லேப்ரடார் முழுசாக விழுங்கிவிடும், அதையும் பார்த்துக்கொள். பைக்கை எடுக்குமுன் சக்கரத்தடியில் குனிந்து பார், குட்டிக்கு அந்த நிழல்தான் பிடிக்கும்.

ஊசி விஷயத்தைத் தள்ளிப் போடாதே. ஆறேழு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நாலு மாதம் வரைக்கும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். குட்டிகளுக்கு ரத்தபேதி வரவழைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், உன் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். பினாயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, பிளீச்சிங் கரைசல்தான். முக்கியமாக, தெருக்குட்டி பேரன் மேல் விளையாட்டாகப் பல் பதித்தாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. குட்டிதானே என்று விட்டுவிடாதே.

மிளகு இப்போது ஏழு கிலோ. வெள்ளையனின் சாக்கைப் பிடித்துக்கொண்டாள், அவன் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். இன்னொரு சாக்குப் போட்டேன், அதிலும் அவள்தான் போய்ப் படுத்தாள்.

தறி வேலை மந்தமாகத்தான் ஓடுகிறது. நூல் விலை அப்படி. கார்த்திகைக்குக் கும்பகோணம் வரலாமா என்று உன் தங்கச்சி கேட்கிறாள், நாய்களை யாரிடம் விடுவது என்பதுதான் யோசனை. நீ வருவதென்றால் சொல், செவ்வந்திப்பூ மாலையோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

பதில் எழுதும்போது உன் வீட்டில் எலி மருந்து எங்கே இருக்கிறது என்று எழுது. பார்த்துவிட்டு எழுது, ஞாபகத்திலிருந்து எழுதாதே.

உன்,
ராமு