கொட்டேஷனில் மாடல் பெயரை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டால் மதுரைக் கம்ப்யூட்டர் கடைகளில் 'கேமிங் பி.சி.' கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வரும் பெற்றோர் கையில் கடைசியில் மிஞ்சுவது நான்கு வரிச் சீட்டு: 'ஐ7 ப்ராசசர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.' எஸ்.எம்.பி.எஸ். என்பது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. நான்கு வரியிலும் பொய்யே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டரில் கேம் ஓடாமல் போகலாம். அறுபதாயிரம், எழுபதாயிரம் என்பது பல வீடுகளில் நகையை அடகு வைத்துப் புரட்டுகிற பணம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறோம்.

2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ7-உம் ஐ7தான். அலுவலகங்களில் கழித்துப்போட்ட ப்ராசசரை அந்தக் காலத்து எச்61 மதர்போர்டில் மாட்டி, வண்ண விளக்கு எரியும் கேபினட்டில் வைத்தால் பார்வைக்குப் புதுசாகவே இருக்கும். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியோ விண்டோஸ் 11-ஐ ஏற்றினாலும் வாலரண்ட் போன்ற கேம் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். பழைய போர்டில் அதற்கு வழியில்லை.

நடுத்தர பட்ஜெட்டுக்கு ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 5600 ப்ராசசர் அல்லது இன்டெல் ஐ5 12400எஃப் தாராளம். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். இங்கே ஓர் எண்ணை மாற்றிப் படித்தாலும் ஏமாந்துபோவோம். ரைசன் 5 5500 என்பது 5600-க்குக் கொஞ்சம் மலிவான தம்பி அல்ல. 5600-இல் 32 எம்.பி. எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி), 5500-இல் 16 எம்.பி.தான்; கிராபிக்ஸ் கார்டுக்கான பாதையும் பி.சி.ஐ. 3.0 என்ற பழைய வேகத்தோடு நின்றுவிடும். 5600ஜி-யும் அப்படித்தான். கார்டு இப்போது வாங்க முடியாது, ஆறு மாதம் கழித்துத்தான் என்றால் மட்டும், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி எடுப்பதில் நியாயம் உண்டு.

மானிட்டர் நீங்கலாக மொத்தத் தொகையில் 35 முதல் 40 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். '4 ஜி.பி. கிராபிக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 2014-இல் வந்த ஜி.டி. 730 ஆகவும் இருக்கலாம். அதன் மெமரி நொடிக்கு அதிகபட்சம் 40 ஜி.பி. அளவுக்குத்தான் கடத்தும். ஆர்.டி.எக்ஸ். 4060 கடத்துவது 272 ஜி.பி. 'எத்தனை ஜி.பி.' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எந்த மாடல்' என்று கேளுங்கள். 1080பி மானிட்டரில் விளையாட ஆர்.டி.எக்ஸ். 4060 அல்லது ஆர்.எக்ஸ். 7600 போதும். கூடுதல் மெமரி வேண்டுமென்றால் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. இருக்கிறது, அதே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. இரண்டும் வருவதால் எது என்பதும் சீட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் அதிக நஷ்டம் வைப்பது எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசமாக வருவதைத் திருப்பி, அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். கொட்டை எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே உள்ள சின்னக் கட்டத்தில் '+12வி' என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். 16 என்றிருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட் பாதையில்தான். 4060 மட்டும் 115 வாட், 5600 முழுவேகத்தில் 76 வாட். அங்கேயே 191 ஆகிவிட்டது. ஃபேன் இன்னும் கணக்கில் வரவில்லை. கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை இருண்டு கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். அதைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருப்பார்கள். தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். ஒருநாள் வெடித்தால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்குத் தரும் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் எடுங்கள். கேபினட்டில் மின்னும் விளக்கைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

ராம் 16 ஜி.பி. என்றால் 8 ஜி.பி.யாக இரண்டு, நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து 'இப்போதைக்கு ஒரே 8 ஜி.பி.' என்று முடிக்கப் பார்க்கிறார்கள். ஒற்றை ராமில் கேம் திக்கித் திக்கித்தான் ஓடும். 3200 வேக ராம் வாங்கினாலும், போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யாவிட்டால் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்திலேயே கிடக்கலாம். கடையை விட்டுக் கிளம்புமுன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பார்த்துவிடலாம். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றாலும் விண்டோஸ் 60-இல் வைத்திருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்ற வேண்டும். அதன் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டியது, மதர்போர்டில் அல்ல.

அடுத்தது நம் ஊர் வெயில். சித்திரையில் ஏ.சி. இல்லாத மாடி அறை 38 டிகிரியைத் தொடும். கேபினட்டுக்குள் போகும் காற்றே அந்தச் சூடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அடைத்த கேபினட் அழகாக இருக்கும், மூச்சு விடாது. கார்டு அளவுக்கு மீறிச் சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலையாக உள்ளதை எடுத்து, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் வையுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் கதவு போட்ட அறைக்குள் தள்ளி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எர்த் இல்லாத வீடுகள் சுற்றுப்பட்டு ஊர்களில் இன்னும் நிறைய. கேபினட்டின் திருகில் விரல் பட்டால் சுர்ரென்று இழுக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். போர்டு பழுது என்று கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கி வருகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் கிடைக்காவிட்டால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் கேபினட் தகரத்திலேயே நிற்கும். மூன்றாவது பின்னை ஒடித்தோ, டூ-பின் அடாப்டர் போட்டோ செருகாமல், முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போட்டுக்கொள்ளுங்கள்.

600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். பேட்டரி பழசானால் கேம் நடுவே கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1000 வி.ஏ. வாங்குவது நல்லது, அதுவும் சேவ் செய்து அணைப்பதற்குத்தான், விளையாடித் தீர்க்க அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கச் சுவிட்சை 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் மின்சாரம் மாறும் இடைவெளியில் ரீஸ்டார்ட் ஆகும்.

கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, முழு மாடல் எண், எத்தனை வருட வாரண்டி, கம்பெனிப் பெட்டியில் வந்த பாக்ஸ் ப்ராசசரா, பெட்டியில்லாமல் உதிரியாக வந்த ட்ரேயா என்பதை எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கிறோம் என்று பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, வாரண்டி முடியும்வரை அட்டைப்பெட்டிகளை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் நண்பர்கள்,
மதுரை.