மாதையனுக்கு, பாட்டில் விஷயமாக

பாலக்கோடு,
ஆவணி 12

அன்புள்ள மாதையனுக்கு,

சித்திரையில் நீ கேட்ட கேள்விக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். "மார்கழியில் மருமகனோடு இமயமலையில் கேதார்காந்தா ஏறப் போகிறேன், எந்தச் சுத்திகரிப்புப் பாட்டில் வாங்கலாம், நீதான் மாங்கூழ் ஆலையில் தண்ணீரைச் சோதித்தே தலை நரைத்தவன் ஆயிற்றே" என்று கேட்டிருந்தாய். அன்றே எழுதியிருந்தால் பாதி தவறாக எழுதியிருப்பேன். என் சோம்பலால் நீ தப்பினாய். இங்கே அனைவரும் நலம். மதனியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகப் பெருமாள் சொன்னான். தீர்த்தமலைப் படியில் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு "ராமர் அம்பை இன்னும் கொஞ்சம் கீழே விட்டிருக்கக் கூடாதா" என்று கேட்ட நீ பன்னிரண்டாயிரம் அடி ஏறப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

உன் கேள்வி வந்த வாரமே எனக்கும் ஆசை வந்து, மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். உள்ளே வைக்கோல் கட்டைப் போல மெல்லிய குழல் இழைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள துளைகள் 0.2 மைக்ரான் அளவு, சில வகைகளில் 0.1. வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய ஒரு மைக்ரான், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி எட்டு மைக்ரானுக்கும் மேல், ஆகவே அவை உள்ளேயே நின்றுவிடும். சித்தேரி மலையில், மேலே மாடுகள் இறங்கி நிற்கும் ஓடையில் மொண்டு, தங்கை மகன் முகம் சுளிக்கச் சுளிக்கக் குடித்தேன். வயிறு கல்லைப்போல் இருந்தது. அதிலிருந்து எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தோடுதான் வைகாசியில் பென்னாகரம் பக்கத்தில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதிலிருந்து அவர்கள் ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். நான் போனபோது எங்கோ குழாய் உடைந்து மூன்று வாரமாகத் தண்ணீர் வராததால், பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பியிருந்தார்கள். "இதில் ஊற்றிக் குடி அக்கா, ஆஸ்பத்திரித் தண்ணீரைவிடச் சுத்தம்" என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டு வந்தேன். வருவதற்கு முன், தண்ணீரில் கரைந்த பொருளை அளக்க என் கையில் இருந்த டி.டி.எஸ். மீட்டரால் அளந்தும் பார்த்தேன். வடிகட்டுவதற்கு முன்பு 640, வடிகட்டிய பின்பும் 640. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மாதையா! இத்தனை ஆண்டு அந்த வேலையையே செய்தவன், எண் மாறவில்லை என்றால் கரைந்த பொருள் எதுவும் குறையவில்லை என்பதை நினைக்காமல் கருவியைக் குறை சொன்னேன்.

ஆடியில் மறுபடி போனபோது, பிளஸ் டூ படிக்கும் அக்காவின் பேத்தி என்னைத் தனியாக அழைத்தாள். "தாத்தா, உப்பைக் கரைத்து இதில் ஊற்றினால் உப்புப் போய்விடுமா?" என்றாள். அவளே கரைத்து ஊற்றினாள். பிழிந்து வந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், கரித்தது. "அப்போ ஃபுளோரைடும் போகாதில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அந்தப் பற்களில் ஃபுளோரைடு போட்ட பழுப்புக் கோடுகள் அவள் பால்பல் விழுந்து முளைத்த காலத்திலிருந்தே இருப்பவை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் ஃபுளோரைடு, பாட்டில் தண்ணீரிலும் அதே 2.4. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 1.0 இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். நம் பக்கத்துப் பாறையிலிருந்து கரைந்து வந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் செறிவாகும். அதை எடுக்க ஆர்.ஓ. அல்லது ஃபுளோரைடை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா வேண்டும். கலங்கிய ஓடைத் தண்ணீரைக் குடித்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி போல் தெளிந்த கிணற்றுத் தண்ணீரை முழங்கால் வலிக்காரியான என் அக்காவுக்கு நானே தைரியம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். குழாய் சரியாகும் வரை மொத்தம் ஒன்பது வாரம். அத்தனை ஆண்டு குடித்ததற்கு முன் ஒன்பது வாரம் பெரிதில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கு அது சமாதானமாக இல்லை.

இனி உன் காரியம். மலையில் நீ குடிக்கப் போவது பனி உருகிய ஓடை. அங்கே பயம் கிருமிதான், ஆகவே இந்தக் குழல் இழைப் பாட்டிலே உனக்குப் பொருந்தும். ஆனால் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான்கூட இல்லை, இந்தத் துளைக்குள் கல்யாண ஊர்வலமே போகலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் 'பியூரிஃபையர்' என்றே சொல்லுவார், நீ அட்டையில் வைரஸ் என்ற சொல்லும் 99.99 சதவீதம் என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார். பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் மட்டும் சொல்லியிருந்தால் அது வெறும் வடிகட்டி. அதுவே போதும், கூடவே குளோரின் மாத்திரை வைத்துக்கொள். அடிவாரத்துக் கிராமங்களிலும் ரயில் பயணத்திலும், வடிகட்டிய தண்ணீரில் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் பொறுத்துக் குடி. மாத்திரையை மட்டும் நம்பாதே, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. புற ஊதா விளக்கு வைத்த பாட்டில் வைரஸையும் கொல்லும் என்பது உண்மை, ஆனால் கலங்கிய நீரில் ஒளி பாயாது, குளிரில் பேட்டரியும் படுத்துவிடும்.

நீ கட்டாயம் மறக்கப்போவது ஒன்று உண்டு. ஒருமுறை நனைந்த இழை உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும். அதனால் இரவில் வடிகட்டியை உறையிலிட்டு உன்னோடு உறக்கப் பைக்குள் வைத்துப் படு. சந்தேகம் வந்தால் நனைந்த வடிகட்டியில் வாயால் ஊதிப் பார்க்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. காற்று குமிழியிட்டு வெளியே வந்தால் இழை போய்விட்டது என்று பொருள். அப்போது கொதிக்க வைத்துக் குடி, அந்த உயரத்தில் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரை முதலில் வேட்டித் துணியில் வடித்து ஊற்று, இல்லாவிட்டால் இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டு, நீ பிழிந்து பிழிந்து கை வலிக்கும். திரும்பி வந்ததும் பின்னோட்டமாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி வை. நான் ஈரத்தோடு மூடி வைத்து, திறந்தபோது எருமைத் தொட்டி நாற்றம் அடித்தது.

என் பாட்டிலை அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டாள். உனக்கு வேண்டுமென்றால் வடிகட்டியை மட்டும் புதிதாக மாற்றி அனுப்புகிறேன், வெளிக்கூடு உறுதியானது, வாயும் அகலம். கிளம்பும் தேதியை எழுது. மாத்திரையும் ஒரு பழைய வேட்டியும் சேர்த்துக் கோவை பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
சின்னசாமி