சாதனை எண்ணுக்குப் பக்கத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) சாதனைகள் குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான செய்தியைப் படித்தேன். அம்மாணவர்களின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் எதிரணியின் வலிமை என்ன, எவ்வளவு நேரம் களத்தில் நின்றார் என்ற விவரங்கள் இல்லாமல், எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் திறனை எடைபோடுவது சரியாகாது. டெக்சாஸ் மாநிலம் சுகர்லேண்டில் 1950 முதல் 1953 வரை பள்ளி அணிக்காக ஆடிய கென் ஹால், பந்தை ஏந்தி ஓடிக் கடந்த மொத்தம் 11,232 கெஜம், புளோரிடாவின் டெரிக் ஹென்றி 2012இல் அதைத் தாண்டும்வரை தேசியச் சாதனையாகவே நீடித்தது. ஹென்றி பின்னாளில் தொழில்முறை ஆட்டத்திலும் ஒரே பருவத்தில் 2,000 கெஜத்தைக் கடந்தார். ஹாலால் அங்கு அந்த அளவுக்குப் பிரகாசிக்க இயலவில்லை.

டெக்சாஸில் என் மகன் படிக்கும் பள்ளியின் ஆட்டமொன்றில், இடைவேளையின்போது எங்கள் அணி 42-0 என முன்னிலை பெற்றிருந்ததால், பயிற்சியாளர் முதன்மை ஆட்டக்காரர்களை அமரவைத்து இளையவர்களைக் களமிறக்கினார். அதுவரை அதிக தூரம் ஓடியிருந்த மாணவர், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரை அவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அந்த இரண்டாம் பாதியில் அவர் ஓடாமல் விட்ட தூரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. இனி இத்தகைய செய்திகளில், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, எதிரணிகளின் அவ்வாண்டு வெற்றி தோல்வி, பள்ளியின் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

வாசகர், ஹூஸ்டன்